கீப், கெப்ட், கெப்ட்

...கீப், கெப்ட், கெப்ட், இதில் என்ன இருக்கிறது, நான்காம் வகுப்புப் பிள்ளைகளைப் பாட்டாகவே பாட வைத்து மனப்பாடம் பண்ண வைத்தவள் நான், முப்பத்து மூன்று வருஷம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளில் ஆங்கிலம், சிங் சாங் சங், டிரிங்க் டிராங்க் டிரங்க், இவ்வளவு வினைச்சொல் இருக்க இந்த ஷாமினி பெண் இதையா போய்ப் பிடிக்க வேண்டும்? ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கட்டுரை கேட்டிருக்கிறார்களாம், ஒழுங்கில்லாத ஆங்கில வினைச்சொல் ஒன்றை எடுத்துக்கொண்டு அதற்கு எத்தனை பொருள், எங்கிருந்து வந்தது என்று எழுத வேண்டுமாம். ‘சிங்’ எடுத்துக்கோயேன், சுலபமாக இருக்கும் என்று நானும் சொல்லிப் பார்த்தேன், அது எல்லாரும் எடுக்கிறதாம். வருகிற தை மாதம் வசந்தனுக்கு மனைவியாகப் போகிறவள், முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை, அகராதியைப் பார்த்துக் குறிப்பு எடுத்து வைத்தேன், இப்போது கைப்பையில் அந்தக் குறிப்புத் தாளும் இருக்கிறது, இன்னொரு தாளும் இருக்கிறது. போட்டிக்சன் கடற்கரையில், கெத்தாப்பாங் மரத்து நிழலில், ஆடி அமாவாசைக் கூட்டத்துக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நான். அங்கே மணலில் வரிசையில் வசந்தன், சட்டையில்லாமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் நாற்பத்தொன்று என்று எழுதிய அட்டை. செத்துப்போன அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எள்ளும் தண்ணீரும் விட வந்திருக்கிறான். அப்பா செத்தது உண்மை. ஒலிபெருக்கியில் இருபத்து மூன்று என்று கூப்பிடுகிறார்கள்.

அம்மா சாகவில்லை. மங்கம்மா கோலா கிளாவாங்கில் இருக்கிறாள், உயிரோடு, ஏதோ ஒரு சாப்பாட்டுக் கடையில் காய்கறி நறுக்கிக்கொண்டு... இது எனக்கு இரண்டு வாரத்துக்கு முன்னால் தெரிந்த செய்தி என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் யாரிடம் சொல்கிறேன், எனக்கே சொல்லிக்கொள்கிற இடத்தில் பொய் எதற்கு, அவள் இருக்கிறாள் என்பது எனக்கு எப்போதும் தெரியும், எங்கே என்பதுதான் இரண்டு வாரத்துக்கு முன்னால் தெரிந்தது. எங்கள் ஊர் லுக்குட்டில் ஹசீனா பேகம் கடையில் ரொட்டி கட்டி வாங்கப் போயிருந்தேன், அவள் கல்லாவை விட்டு எழுந்து வந்து என் கையைப் பிடித்து மோட்டார்கள் நிறுத்தியிருக்கிற பக்கமாகக் கூட்டிப் போனாள், அவள் அப்படி எழுந்து வருகிறவளே இல்லை. மங்கம்மா வந்திருந்தாளாம், ஒரு தேத்தண்ணி வாங்கிப் பாதிதான் குடித்தாளாம், டீச்சர் வீட்டுப் பக்கம் போகக்கூட இல்லையாம், புள்ள இருக்கானா, நல்லா இருக்கானா, கண்ணாலம் ஆயிருச்சா என்று மட்டும் கேட்டுவிட்டு ஒரு சிகரெட் அட்டையில் போன் நம்பரை எழுதி வைத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டாளாம். “ரெண்டு தடவ உங்களுக்காகப் பொய் சொல்லிட்டேன் டீச்சர், எனக்கும் வயசாகுது, மூணாவது தடவ கேக்காதீங்க,” என்றாள் ஹசீனா. நான் ரொட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வசந்தன் நன்றாகத்தான் சாப்பிட்டான், குழம்பு போதவில்லை என்றான்.

இருபத்தெட்டு. என்ன வேகம் இன்றைக்கு, போன வருஷம் ஐயர் ஒருவர்தான், இந்த வருஷம் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆறு ஆறு பேராகப் பாயில் உட்கார வைத்து முடித்து அனுப்புகிறார்கள். எழுந்து போய் அவனை வரிசையிலிருந்து கூப்பிட்டுவிடலாமா? கூப்பிட்டு என்ன சொல்வது? வசந்தா, அப்பாவுக்கு மட்டும் பண்ணுப்பா... ஏன் என்று கேட்பானே, கேட்காத பிள்ளையா அவன், சின்ன வயதிலேயே நிலா ஏன் நம்ம கூடவே வருது என்று கேட்டு உயிரை எடுத்தவன். எப்போதோ பள்ளிக்குப் பூசை செய்ய வந்த ஒரு பண்டாரம் சொன்னார், உயிரோடு இருக்கிறவர்களுக்கு எள்ளுத் தண்ணீர் விட்டால் அது அவர்கள் ஆயுசைத்தான் குடிக்கும் என்று, எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, இல்லை என்றுதான் பத்து வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன், அப்புறம் ஏன் ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இறங்குவதில்லை? அவன் பதினெட்டு வயதில் முதல் தடவை இங்கே வந்தபோது ஐயரிடம் பெயர் சொன்னது நான். அப்பா சந்திரன், தாத்தா பேர் தெரியாது, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு யாருக்குத்தான் தெரிகிறது, அம்மா மங்கம்மா. வாய் கூசாமல் சொன்னேன். அதற்கு அடுத்த வருஷத்திலிருந்து பக்கத்தில் போவதில்லை, மணல் சூடு, முழங்கால் வலி, பொம்பளைகளுக்கு அங்கே என்ன வேலை என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு சாக்கு.

தொண்ணூற்றொன்பதில், புக்கிட் பெலண்டோக் பக்கம் அந்தக் காய்ச்சல் வந்த வருஷம். முதலில் கொசு என்றார்கள், புகை அடித்தார்கள், பிறகு பன்றி என்றார்கள், நிப்பா என்ற பெயரெல்லாம் அப்புறம்தான் வந்தது. சந்திரன் காலையில் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிவிட்டு மத்தியானம் பக்கத்துச் சீனர் பன்றிப் பண்ணையில் கழுவப் போவான், மார்ச் மாதம் விழுந்தான், ஆறு நாளில் போய்விட்டான். அந்த வாரமே மங்கம்மாவுக்கும் தலைவலி, கண் இருட்டுகிறது என்றாள். ஆஸ்பத்திரி வண்டி தோட்டத்துக்கு வந்து நிற்கிறது, லயத்தில் ஒரு வீட்டிலும் கதவு திறக்கவில்லை, யாரைக் குறை சொல்ல, அவரவர் பிள்ளைகளை அவரவர் இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே. பள்ளிக்கூடத்தை மூடச் சொல்லியிருந்தார்கள், நான் பதிவேடுகளை எடுக்க வந்தவள், வாசலில் நின்றுகொண்டிருந்தேன். நேராக என்னிடம் நடந்து வந்தாள், இரண்டு வயதுப் பிள்ளையை என் கையில் கொடுக்காமல் தரையில் இறக்கிவிட்டு, பிளாஸ்டிக் பையை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, நாலடி தள்ளி நின்றுகொண்டாள், என்னைத் தொடக்கூடாது என்று அவளுக்கு அந்தக் காய்ச்சலிலும் தெரிந்திருக்கிறது. பையில் இரண்டு சட்டை, பால் புட்டி, பிறப்புப் பத்திரம். “கொஞ்ச நாள் வெச்சிருங்க டீச்சர். நான் வந்துருவேன்,” என்றாள். பிள்ளையிடம், டீச்சர்கிட்ட இருடா என்றாள். அவனும் இருந்தான்.

அகராதி என்ன சொல்கிறது... குறிப்புத் தாளை எடுத்தால் அந்த இன்னொன்றும் கூடவே வருகிறது, உள்ளே தள்ளு. கீப், ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஆங்கிலத்தில் திடீரென்று தலைகாட்டுகிற சொல். பெரும்பாலான சொற்களுக்குப் பக்கத்து மொழிகளில் அண்ணன் தம்பி இருக்கும், டச்சில் ஒன்று, ஜெர்மனில் ஒன்று என்று, இதற்கு அப்படி நிச்சயமாகச் சொல்ல யாருமில்லை, யார் பெற்றது என்று தெரியாது என்று அகராதிக்காரர்களே கையை விரித்துவிட்டார்கள். ஆரம்பத்தில் அதற்கு வைத்திருப்பது என்றெல்லாம் பொருள் இல்லையாம். பிடி, நாடு, கண்வைத்துப் பார்த்துக்கொண்டிரு, அவ்வளவுதானாம். ஒன்றின் மேல் கண்ணை வைப்பது முதலில், கையை வைப்பது பிறகு. அதற்கப்புறம்தான் காப்பது, மாடு வளர்ப்பது, சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது, விரதம் இருப்பது, வாயை மூடிக்கொண்டிருப்பது, பால் கெடாமல் நிற்பது, எல்லாம் ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொண்டன. நம் ஊர்ப் பிள்ளைகள் இன்னொன்றையும் சேர்த்தார்கள், புத்தகத்தை எடுத்துப் பைக்குள் வை என்பதற்கும் கீப்தான், டீச்சர் கீப் ஆல்ரெடி என்பார்கள், நான் அடித்துத் திருத்துவேன், அது அப்படியில்லை, அது வேறு என்று. இதையெல்லாம் ஷாமினிக்கு அனுப்பினால் முழு மதிப்பெண் வாங்குவாள். போன் அதிர்கிறது, அவளேதான், ஆன்ட்டி ஒரிஜின் பகுதி மட்டும் கிடைத்தால் போதும், சாப்பிட்டீங்களா என்று கேட்டிருக்கிறாள். நல்ல பெண். முப்பத்து மூன்று.

கண்ணை வைத்தது எப்போது? அதை எந்த அகராதியிலும் தேட வேண்டாம், எனக்கே நாள் கிழமையோடு தெரியும். பிள்ளை வந்த ஐந்தாம் நாள், செவ்வாய்க்கிழமை, நான் குளித்துவிட்டு வருகிறேன், அவன் என் செருப்பு இரண்டையும் நெஞ்சோடு கட்டிக்கொண்டு குளியலறை வாசலில் உட்கார்ந்திருக்கிறான், செருப்பு இருந்தால் நான் எங்கேயும் போக மாட்டேன் என்று அவனாகக் கண்டுபிடித்த கணக்கு. எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது, கல்யாணச் சந்தையெல்லாம் கடை கட்டிப் போயாச்சு, வீட்டில் நானும் ஒரு ரேடியோவும். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி மங்கம்மா எப்படி இருக்கிறாள் என்று விசாரிக்கத்தான் இருந்தேன். விசாரிக்கவில்லை. மறுநாளும் இல்லை. செத்துப்போகட்டும் என்று நினைத்தேனா? இல்லை... அப்படி நினைக்கவில்லை. செத்திருந்தால் என்ன என்று நினைத்தேன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிற மாதிரி அப்போது தோன்றியது.

அவள் வந்தாள். ஜூலை மாதம், பள்ளி விட்டு வந்து நான் சோறு ஊட்டிக்கொண்டிருந்த நேரம், கிரில் கதவுக்கு வெளியே ஒரு ஆள், முடியெல்லாம் கத்தரித்து, கழுத்தெலும்பு தெரிய, யாரோ என்று நினைத்தேன். டீச்சர் என்றாள், குரல் மட்டும் அவளுடையது. பிள்ளை அவளைப் பார்த்துவிட்டு என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான், அவள் அதைப் பார்த்தாள், சிரித்தாள், மறந்துட்டான் கழுத என்றாள். நான் கதவைத் திறக்கவில்லை. ஏதோ சாவியைத் தேடுகிறவள்போல நின்றேன். அவள் மடியிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கம்பி வழியாக நீட்டினாள், ஆஸ்பத்திரியில் கொடுத்தது, மலாயில் இருந்திருந்தால் எழுத்துக்கூட்டி அவளே படித்திருப்பாள், டாக்டர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். எங்கள் தோட்டத்தில் ஆங்கிலத்தில் எது வந்தாலும், சாவுச் சேதியாக இருந்தாலும் கோர்ட்டுச் சமன் கடிதமாக இருந்தாலும், தோட்ட ஆபீஸ் கிராணியிடமோ என்னிடமோதான் வரும், கிராணி திட்டுவார், அதனால் என்னிடம்தான் வரும். “இதுல என்னா போட்டிருக்கு டீச்சர்?” என்றாள்.

மூன்றே வரி. நோயாளி முழுமையாகக் குணமடைந்துவிட்டார். அவரால் பிறருக்குத் தொற்று அபாயம் இல்லை. குடும்பத்தோடு சேர்ந்து வழக்கமான வாழ்க்கைக்குத் திரும்பலாம். அழகான கையெழுத்து, நீல மை. ஒரு தடவை படித்தேன், இன்னொரு தடவை படித்தேன், படிக்கிற மாதிரி இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன், என் தலைக்குள் ரேடியோவை யாரோ நிறுத்திவிட்ட மாதிரி ஒரு அமைதி. பிறகு வாசித்துக் காட்டினேன். “ஒடம்பு தேறிட்டியாம், ஆனா காய்ச்சல் உள்ளுக்குள்ள இருக்குமாம் மங்கம்மா. ஒரு வருசத்துக்குச் சின்னப் புள்ளைங்கள கிட்ட சேக்கக்கூடாதுன்னு போட்டிருக்கு.” கம்பியைப் பிடித்திருந்த கையை உடனே எடுத்துவிட்டாள், பிடித்த இடத்தை முந்தானையால் துடைத்தாள், துடைத்துவிட்டு இரண்டு படி கீழே இறங்கி நின்றாள். ஒரு வருசந்தானே டீச்சர் என்றாள். கடிதம் என்னிடமே இருக்கட்டும், பத்திரமாக இருக்கும் என்றேன், அதற்கும் சரி என்றாள். அந்தத் துடைத்தல் இருக்கிறதே, நானும் இருபத்தாறு வருஷமாக அந்தக் கம்பியைத் துடைத்துக்கொண்டுதான் இருக்கிறேன், வீட்டுக்குப் பெயின்ட் அடித்தபோது அந்தக் கதவையே மாற்றிவிட்டேன், ஒன்றும் போகவில்லை.

முப்பத்தேழு. வரிசை பாதியாகிவிட்டது, வசந்தன் திரும்பி என்னைப் பார்த்துக் கையாட்டுகிறான், நானும் ஆட்டுகிறேன். அந்த வருஷக் கடைசியிலேயே மாற்றல் எழுதிக் கேட்டுப் பஹாவ் பக்கம் போய்விட்டேன், பிள்ளையோடு, லுக்குட் வீட்டைப் பூட்டிவிட்டு. ஹசீனாவிடம் யார் கேட்டாலும் விலாசம் தெரியாது என்று சொல்லச் சொன்னேன். மங்கம்மா சரியாக ஒரு வருஷம் கழித்து வந்தாளாம், ஒரு பொம்மை லாரியோடு, பூட்டின வீட்டு வாசலில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தாளாம். அதற்கப்புறம் ஒரு தடவை. அதற்கப்புறம் அவள் வரவில்லை, எட்டு வருஷம் கழித்து நான் லுக்குட்டுக்கே திரும்பி வந்த பிறகும் வரவில்லை, பார்த்தாயா, பெற்றவளுக்கே வேண்டாம் என்று நானும் எனக்குள் நியாயம் பேசி வந்தேன். ஏழு வயதில் அவன் என் அம்மா எங்கே என்று கேட்டபோது காய்ச்சலில் அப்பாவோடு என்று சொல்ல அதுவே தைரியம் கொடுத்தது. ஆனால் அந்தப் பாதித் தேத்தண்ணிக்குள் மங்கம்மா தன்னைப் பற்றிச் சொன்னதாக ஹசீனா சொன்ன மிச்சத்தை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. மங்கம்மாவுக்கு மூன்றாம் வருஷம் மறுபடி தலை சுற்றி விழுந்து ஆஸ்பத்திரியில் போட்டார்களாம், அந்த நோய் சில பேருக்கு அப்படித் திரும்பி வருமாம், அவள் அதைக் கடிதத்தோடு சேர்த்துப் பார்த்திருக்கிறாள், டீச்சர் படித்துச் சொன்னாரே உள்ளுக்குள் இருக்கும் என்று, அது சரியாகப் போயிற்றே என்று. பிள்ளைக்கு ஒட்டிவிடக்கூடாது என்று வராமலே இருந்திருக்கிறாள். தலை வலிக்கும்போதெல்லாம் நல்லவேளை போகவில்லை என்று நினைத்துக்கொள்வாளாம். இப்போது யாரோ ஒரு டாக்டரம்மா அப்படியெல்லாம் இத்தனை வருஷம் ஒட்டாது பாட்டி என்று சிரித்தாராம், அதனால்தான் துணிந்து லுக்குட் வரைக்கும் வந்தாளாம், அதுவும் வீடு வரைக்கும் இல்லை, கடை வரைக்கும். வேண்டாம் என்று போகவில்லை அவள். நான் வைத்துக்கொண்டிருந்தேன், அவள் தள்ளி நின்று காத்துக்கொண்டிருந்தாள்.

அழுகையாக வருகிறது, இங்கே அழுதால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள், இன்றைக்கு அதற்கான நாள்தான். அவன் என்னை அம்மா என்று கூப்பிட்டதில்லை. டீச்சர்தான், அன்றைக்கு அவள் சொல்லிக்கொடுத்த அதே டீச்சர், பஹாவில் பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள், வீட்டுக்குள்ள என்னா டீச்சர் என்று. அம்மா என்று கூப்பிடுடா என்று சொல்ல எனக்கு வாய் வரவே இல்லை, திருடினவளுக்கும் ஒரு கூச்சம் இருக்கத்தான் செய்கிறது. அவனாகக் கூப்பிட மாட்டானா என்று மட்டும் காத்திருந்தேன், அம்மை போட்டபோது, ஐந்தாம் படிவப் பரீட்சையில் தேறியபோது, ஷாமினியைக் கூட்டி வந்து நிறுத்தியபோது. ஷாமினி வீட்டார் பத்திரிகையில் மாப்பிள்ளையின் தாய் பெயர் எப்படிப் போட வேண்டும் என்று கேட்டார்கள், அமரர் மங்கம்மா என்று இவனே எழுதிக் கொடுப்பான் என்று நினைத்தேன், அப்புறம் எழுதிக்கலாம் என்று சொல்லிவிட்டான், அதை அப்போது நான் கவனிக்கவில்லை. நாற்பத்தொன்று என்கிறார்கள். நாற்பத்தொன்று!

எழுந்துவிட்டேன். செருப்பு மணலில் புதைகிறது, கழற்றிக் கையில் எடுத்துக்கொள், முழங்கால் கிடக்கட்டும், ஏதோ அரிசி உருண்டையை மிதித்துவிட்டேன், மன்னிக்கணும் அண்ணே, வழி விடுங்க, என் பையன், அங்கே என் பையன்... என் பையனா? மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள், எனக்குக் கைப்பையில் மூன்று வரி, கல்லாகக் கனக்கிறது. போய் நின்றதும் சொல்லிவிடுவது, மங்கம்மா என்ற பெயர் அவன் வாயிலிருந்து வருவதற்குள் சொல்லிவிடுவது, ஐயர் என்ன நினைத்தால் என்ன, கூட்டம் என்ன நினைத்தால் என்ன. அவனுக்குப் பின்னால் நாலடியில் போய் நின்றேன். பாயில் மூன்றாவதாக உட்கார்ந்திருக்கிறான், முதுகு தெரிகிறது, தர்ப்பை மோதிரம் போட்டாகிவிட்டது. ஐயர் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வருகிறார். அப்பா பேரு? சந்திரன். தாத்தா பேரு? தெரியாது ஐயரே. பரவால்ல, எல்லாப் பெரியவங்களும்னு வெச்சுக்குவோம், தாயாரு இருக்காங்களா, இல்லையா? நான் வாயைத் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன்.

“அம்மா இருக்காங்க,” என்றான் வசந்தன்.

யோசிக்காமல் சொன்னான். தெரியுமா என்று கேட்டால் தெரியும் என்கிற மாதிரி. ஐயரும் அப்படியா, அப்ப அப்பா வழிக்கு மட்டும் பண்ணிக்கலாம் என்று எள்ளை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். இந்த வருஷம்தானா, ஒவ்வொரு வருஷமும் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தானா, நான்தான் மரத்தடியில் உட்கார்ந்து ஒன்பது வருஷமாக அவன் சொல்லாத பெயருக்குப் பயந்துகொண்டிருந்தேனா? ஹசீனா சொல்லியிருப்பாளா? மூணாவது தடவ கேக்காதீங்க என்றாளே, அவள் பொய் சொல்ல மாட்டேன் என்றாளே தவிர, உண்மையைச் சொல்ல மாட்டேன் என்று சொல்லவில்லை. அல்லது... அல்லது என்னைத்தான் சொன்னானா? இருபத்தாறு வருஷமாக நான் காத்திருந்த சொல், என் முன்னால் சொல்ல வெட்கப்பட்டு, ஒரு ஐயரிடம், நான் பின்னால் நிற்பது தெரியாமல், சும்மா சொல்லிவிட்டானா?

தண்ணீர் விட்டுவிட்டு, கடலில் இறங்கி முழுகிவிட்டு வருகிறான். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து, என்னா டீச்சர், இந்த வெயில்ல இங்க வந்து நின்னுட்டீங்க, செருப்பு ஏன் கையில இருக்கு என்று அதை வாங்கிக் கீழே போட்டுக் காலுக்கு நேராகத் திருப்பி வைக்கிறான். டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறான். துண்டைக் கொடுக்கிறேன், தலை துவட்டுகிறான், பசிக்குது, ஹசீனா அக்கா கடைக்குப் போயிட்டுப் போவோமா என்கிறான், அதை எப்போதும் கேட்கிற மாதிரி கேட்கிறானா, வேறு மாதிரியா, முகத்தில் துண்டு இருக்கிறது, தெரியவில்லை. எந்த அம்மாப்பா என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். பெற்ற மாதிரி வளர்த்தவள் வேறு எவளாவது இங்கே நின்றிருந்தால் அந்தச் சொல்லைக் கேட்டு இந்நேரம் அழுது தீர்த்திருப்பாள், அவனைக் கட்டிக்கொண்டிருப்பாள், எந்த அம்மா என்று அவளுக்குத் தோன்றியே இருக்காது. எனக்குத் தோன்றிவிட்டது. போன் மறுபடி அதிர்கிறது, ஷாமினியாக இருக்கும், எடுக்கப் பைக்குள் கையை விட்டேன், கையில் இரண்டு தாளும் வந்தன, வசந்தன் துண்டை விலக்கி, கொடுங்க, நான் வெச்சுக்கிறேன் என்று கையை நீட்டினான்.